நா. கலாமணியின் கார்டு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்டமாட்டேன், பாதகமாக இருக்கிறதே என்று எதையும் விடமாட்டேன். இப்படிக்கு, தி. சுடர்விழி, ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.

நோட்டு அம்மா செய்து கொடுத்தது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் மட்டும் பாழான தாள்களை அடுக்கி ஸ்பைரல் போட்டுத் தந்தாள். இந்தப் பக்கத்தின் முதுகில் யாருடைய வருமானச் சான்றிதழோ பாதி தெரிகிறது.

அம்மா உடுமலை தாலுகா ஆபீசுக்கு எதிரே ஆறுச்சாமி மாமாவின் ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கடை மாமாவுடையது. ஆனால் மெஷினில் தாள் சிக்கினால், "கலாமணி, இது உன்ற பேச்சைத்தான் கேக்கும், வா" என்று அம்மாவைத்தான் கூப்பிடுவார். இன்று அவர், ஓசூரில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னாராம். மெஷின்கள், கம்ப்யூட்டர், கடை எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் கேட்டிருக்கிறார். அவருக்கு இடம் மட்டும் போதும், ஆள் வேண்டாம்.

"மொதல்ல உன்னையத்தான் கேக்கறேன். ஆவணி ஒண்ணாந்தேதி சாவியக் கொடுத்தரோணும். ஆகும்னா சொல்லு" என்றாராம்.

அம்மா இதைச் சோறு போடும்போது சொன்னாள். அப்பா, "பாக்கலாம்" என்றார். கடை கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு வேலையும் இல்லை என்பதை இருவருமே சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

அம்மா பிறந்த ஊர் முகவரிக்கு ஒரு தபால் வந்து, இன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரில் பவளக்கொடி ஸ்டோர்ஸ் என்று ஐந்து மாடி ஜவுளிக்கடை. கல்யாணத்துக்கு முன் அம்மா அங்கே இரண்டாவது மாடியில் சேலைப் பிரிவில் இருந்தாள். அப்போது கடை ஒரு வங்கியோடு சேர்ந்து ஊழியர்களுக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தது. அந்தக் கடையில் மட்டும்தான் தேய்க்க முடியும். பதினேழு வருடமாக அது பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அம்மா வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன், பஸ் ஏறிப் போய் ஒரே ஒரு பொருள் வாங்குவாள். போன வருடம் ஒரு பெட்ஷீட்.

இனி கார்டுக்கு வருடக் கட்டணம் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாயாம்.

"ஒரு பெட்ஷீட்டுக்கு ஐநூத்தித் தொண்ணூறு ரூவா வாடகையா? மூடிரு" என்றார் அப்பா. அப்பா மினி வேன் ஓட்டுகிறார். டீசலைத் தவிர எதற்கும் பணம் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

"அது என்னோடதுங்க."

"இந்த வீடே உன்னோடதுதான?"

"வீடு உங்கப்பா பேர்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா ரசத்தை நகர்த்தி வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

காகிதத்தின் நடுவில் கோடு போட்டு, 'வைத்துக்கொள்ளலாம்', 'மூடிவிடலாம்' என்று இரண்டு தலைப்பில் எழுதினேன். மூடுவதற்கு ஆறு காரணங்கள் கிடைத்தன. வைத்துக்கொள்ள 'அம்மாவுக்குப் பிடிக்கும்' என்ற ஒன்றுதான். அதைக் காரணமாகச் சேர்க்கலாமா என்று யோசித்து, பென்சிலால் எழுதினேன்.

பிறகு, கார்டை மூடச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி அட்டையினால் எமக்கு யாதொரு பயனும் இல்லாமையால்' என்று தொடங்கும். அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, "கலெக்டர் எழுதுனாப்பல இருக்குது கண்ணு" என்றார். அவர் என்னை அப்படிப் பாராட்டி நாளாகிவிட்டது.

ஜூன் 18, புதன்

அம்மா கையெழுத்துப் போட்டாள். கடைக்குப் பணம் சேர்க்க வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தான் என்று அப்பா சொன்னதுதான் காரணம். 'நா. கலாமணி' என்று போட்டாள். என் ரேங்க் கார்டில் 'தி. கலாமணி' என்றுதான் போடுவாள். கார்டு வாங்கும்போது கல்யாணமாகவில்லை, அதனால் தாத்தா நாச்சிமுத்துவின் 'நா'வாம். இத்தனை வருடம் கழித்தும் அந்த 'நா' ஒரே சுழிப்பில் வந்துவிட்டது.

"நோட்டுக்குள்ள வச்சுக்க. நான் சொல்றப்ப தபால்ல போடலாம்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளியில் அறிவியல் தேர்வு. பதினெட்டு மதிப்பெண். வரும் வழியில் தபால் நிலையத்தின் முன் வேப்பமரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 25, புதன்

கடையை வாங்கக் கடன் கேட்டு அம்மா ஆறுச்சாமி மாமாவோடு வங்கிக்குப் போனாள். அரை நாள் விடுமுறை என்பதால் நானும் போனேன். அப்பா வேனில் கொண்டுவந்து விட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. நிழலில் நிறுத்த இடம் இருந்தும் எதிர்ப்பக்கம் வெயிலில் நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் பெயர் ஜெபராணி மேடம். நாசரேத் பக்கமாம். கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க வாங்கின கடனையெல்லாம் ஒழுங்கா கட்டினீங்களான்னு ஒரு மார்க் இருக்கும்மா. சிபில்னு சொல்லுவோம். உங்க பேர்ல மார்க்கே இல்ல. பூஜ்யம் கூட இல்ல, ஒண்ணுமே இல்ல."

"கடனே வாங்கினதில்லீங்களே, நல்லதுதானுங்க?" என்றார் மாமா.

"பரிட்சையே எழுதாத பிள்ளைக்கு எப்படி பாஸ் போடுறது?"

அம்மா மெதுவாக, "பதினேழு வருசமா ஒரு கடை கார்டு வச்சிருக்கேனுங்க மேடம். ஒரு தடவைகூடத் தேதி தாண்டுனதில்ல" என்றாள்.

"இருந்தா இதுல வந்திருக்கணுமே. வரல. உங்க வீட்டுக்காரர் பேர்ல போட்டா?"

"அவரு பேர்ல வேண்டாமுங்க" என்று அம்மா உடனே சொன்னாள். அவ்வளவு சட்டென்று ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

கடிதம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கடையில் அம்மாவுக்கு உதவியாகத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். பத்திரத்தில் ஓர் இனிஷியல், ஆதாரில் இன்னோர் இனிஷியல். தாலுகா ஆபீசில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி கேட்கிறார்கள். இது எங்கள் கடையில் தினமும் நடப்பது. கல்யாணமான பெண்களுக்குத்தான் அதிகம் வரும். அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிடும், பழைய காகிதங்கள் எல்லாம் அந்நியமாகிவிடும். அம்மா வாரத்துக்குக் குறைந்தது பத்து டைப் செய்வாள், பார்க்காமலே டைப் செய்வாள்.

'மேற்கண்ட இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என' என்ற இடத்தில் அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"ஏனம்மிணி, கரண்ட் போயிருச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க. இப்பத்தான் வந்துச்சு" என்றாள் அம்மா.

பெரியவருக்குக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "சுடரு! மேடம் தேடுனது தி. கலாமணிய. கார்டு இருக்கறது நா. கலாமணி பேர்ல, உங்க தாத்தா ஊரு அட்ரசுல. கம்ப்யூட்டருக்கு நாங்க ரெண்டு பேரும் வேற வேற பொம்பளைங்க! ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறேன், எனக்கு ஒண்ணு எழுதிக்கிலயே!" சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, "அந்த லெட்டரக் கொண்டா, கிழிச்சுப் போட்டரலாம்" என்றாள்.

இனி உண்மை. ஜூன் 20 அன்று நான் வேப்பமரத்தை மட்டும் பார்க்கவில்லை. கடிதத்தையும் தபால் பெட்டியில் போட்டேன். அம்மா சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன். வேலையை முடித்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும், அவர் இன்னொரு முறை பாராட்ட வேண்டும் என்று நினைத்தேன். வங்கியில் அம்மா கார்டைப் பற்றிச் சொன்னபோதே தவறு புரிந்துவிட்டது. அன்றும் எழுதவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று மட்டும் சொன்னாள். கார்டின் பின்னாலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். பாட்டு ஓடியது, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. கடைசியில் ஒரு பெண் வந்து, கடிதம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை மாலை கணக்கு மூடப்படும், நிறுத்த வேண்டுமானால் கார்டுக்காரரே கோயம்புத்தூர் கடையின் கார்டுப் பிரிவுக்கு நேரில் வந்து எழுதித் தர வேண்டும் என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

ஞாயிறு. கார்டுப் பிரிவு திறக்காது. அம்மா மூன்று முறை பீரோவைத் திறந்து கார்டு இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஜூன் 30, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு. காலை பஸ்சில் பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே போனோம். அம்மா என்னோடு பேசினாள், ஆனால் 'டிக்கெட்டப் பத்திரமா வை' போன்றவை மட்டும்.

பவளக்கொடி ஸ்டோர்ஸில் கார்டுப் பிரிவு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. லிப்டுக்குக் கூட்டம் நின்றது. அம்மா படியில் ஏறினாள். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது சேலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏய், நாச்சிமுத்து மக! கலாமணி!"

அவர் பெயர் சொர்ணாத்தாள். அம்மாவோடு வேலை பார்த்தவர், இப்போது மாடிக்கே மேற்பார்வையாளர். "வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒரே ஒரு துண்டு வாங்கிட்டு ஓடிருவயே, இப்ப என்ன ஆனி மாசத்துல?" அம்மா நின்றபடியே நாலு வரியில் சொன்னாள். சொர்ணாத்தாள் அத்தை கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு மேலே வந்தார்.

கவுண்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "வருசத்துக்கு ஒரு பர்ச்சேஸ். எதுக்கும்மா வெச்சுக்கறீங்க? மூடிட்டா உங்களுக்கும் கட்டணம் மிச்சம்" என்றார்.

"தம்பி, அவ வெச்சுக்கறேங்கறா. நீ எழுதி வாங்கு" என்றார் சொர்ணாத்தாள் அத்தை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க்கா, அதான் கேட்டேன்."

அம்மா பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'பதினேழு வருடம் தவறாமல் கட்டியிருக்கிறேன். அதற்குச் சாட்சி இது ஒன்றுதான்.' என் கடிதத்தைவிட நன்றாக இருந்தது. அவர் படித்துவிட்டு மேலும் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். என் கடிதத்தின் மேல் 'ரத்து' என்று விழுந்தது. மணி பன்னிரண்டே கால்.

பதினேழு வருடக் கணக்கையும் அச்செடுத்துத் தந்தார்கள். அதைப் பஸ்சில் படித்தேன். 2008, சேலை ஒன்று. 2010, வேட்டி ஒன்று. 2011, குழந்தை உடை ஒன்று, அது நான். அதற்குப் பிறகு ஆண்கள் சட்டை, பாவாடை, ஸ்கூல் சட்டை, துண்டு. 2020-இல் கைக்குட்டை ஒன்று, போனில் சொல்லிக் கூரியரில் வாங்கியது.

"இது எதுக்கும்மா?"

"கடைக்குப் போக முடியல. ஒரு வருசம் சும்மா விட்டா கார்டு செத்துருமோன்னு பயம்" என்றாள் அம்மா. பிறகு முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். 2008-க்குப் பிறகு அந்தப் பட்டியலில் அவளுக்கென்று ஒரு சேலைகூட இல்லை.

ஜூலை 4, வெள்ளி

அம்மா தனக்கான உறுதிமொழியைத் தானே டைப் செய்தாள். 'நா. கலாமணி, தி. கலாமணி ஆகிய இரு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும்.' நோட்டரி கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் 'நா' என்பதற்கு ஆதாரமாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழும் வங்கிக்கு வேண்டுமாம். அம்மா படித்தது காரத்தொழுவில். பழைய பதிவேட்டைத் தேட நாளாகும் என்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

இன்னும் தேடுகிறார்கள்.

ஜூலை 16, புதன்

கிடைத்தது! ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, ஆனால் 'நா' அப்படியே இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்மா காகிதங்களை ஜெபராணி மேடத்திடம் கொடுக்கக் கிளம்பினாள்.

"ஆடி பொறந்த அன்னிக்கு ஆராச்சும் பேங்க்குக்குப் போவாங்களா? நல்ல காரியம் எதையும் தொடக்கூடாது" என்றார் அப்பா.

"செல்போன் கடைக்காரரும் இதையேதான் சொன்னாருங்க. ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணுல பணத்தோட வர்றேன்னு ஆறுச்சாமி அண்ணங்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு ஆடிக்கு உக்காந்திருக்கறாரு. சிபில்ல பேர் திருத்தம் வர முப்பது நாள் ஆகும். ஆடியும் முப்பத்தோரு நாள். எனக்கு இந்த மாசந்தான் வேணும்" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆடியை யாரும் இப்படிப் பயன்படுத்தி நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா மதியம் சாப்பிடாமல் வேனைக் கழுவினார். சுத்தமான வேனையே இரண்டாவது முறையும் கழுவினார். பிறகு உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "என்ற பேர்ல ஏன் கடன் கிடைக்காதுன்னு உனக்குச் சொல்லோணும்" என்றார். சித்தப்பா போர்வெல் லாரி வாங்கியபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டாராம். சித்தப்பா கட்டவில்லை. அப்பாவின் மார்க் பாதாளத்துக்குப் போய்விட்டதாம்.

"தெரியுமுங்க" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எப்படி?"

"நாலு வருசத்துக்கு மின்னாடி அந்த நோட்டீச ஜெராக்ஸ் எடுக்க நாஞ் சாப்பிடப் போன நேரமாப் பாத்துக் கடைக்கு வந்தீங்க. ஆறுச்சாமி அண்ணன் எடுத்துக் கொடுத்தாரு. காப்பிய எடுத்துட்டு ஒரிஜினலக் கண்ணாடியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் விட்டுட்டுப் போவாங்க. நாந்தான் மடிச்சு உங்க சட்டைப் பையில வெச்சேன்."

அப்பாவும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். இருவருக்குமே கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

செய்தி எதுவும் இல்லை. செல்போன் கடைக்காரர் இன்று கடைக்குள் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். அம்மா மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டே, "சித்த நகருங்க, அளவு நாளைக்கும் இதேதான் இருக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மாவின் சிபில் மார்க், தொள்ளாயிரத்துக்கு எழுநூற்று எண்பத்தொன்று!

வங்கியிலிருந்து அம்மா போன் செய்ததாக உமா டீச்சர் வகுப்பிலேயே வந்து சொன்னார். நான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன்.

மாலையில் அம்மா முழுவதும் சொன்னாள். ஜெபராணி மேடம் திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாராம். "பதினேழு வருஷம், ஒரு நாள் தாமதம் கிடையாது. இந்த பிராஞ்ச்ல எனக்கே இவ்வளவு பழைய கணக்கு இல்லம்மா. இவ்வளவு நாள் இவங்க எங்க ஒளிஞ்சிருந்தாங்க?" என்று கேட்டாராம்.

"ஒளியலீங்க மேடம், சேலைக்கு அடியில இருந்தாங்க" என்றாளாம் அம்மா.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடன் கிடைத்துவிட்டது. அம்மா பேரில், அம்மா கையெழுத்தில். இந்த முறை அப்பா வேனை நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மேடம் கேட்பதற்கு முன்பே, "நான் கூட வந்தவனுங்க, அவங்கதான் பார்ட்டி" என்றார்.

திரும்பும் வழியில் அப்பா மெதுவாக, "கடந்தான் கிடைச்சிருச்சே. இப்ப அந்தக் கார்ட மூடிரலாமா?" என்று கேட்டார்.

"மேடம் சொன்னாங்க, அது இருக்கற வரைக்குந்தான் அந்தப் பதினேழு வருசத்துக்கு மதிப்பு. மூடறதா இருந்தா உங்க மகளத்தான் லெட்டர் எழுதச் சொல்லோணும்."

"எழுதமாட்டேன்" என்று நான் பின்சீட்டிலிருந்து கத்தினேன்.

அப்பா சிரித்துவிட்டார். வருடக் கட்டணம் ஐந்நூற்றுத் தொண்ணூறையும் அவரே போனில் கட்டினார். டீசல் அல்லாத ஒன்றுக்கு!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. ஆறுச்சாமி மாமா எட்டு மணிக்கு வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து அம்மாவிடம் கொடுத்தார். "மெஷினு இனி முழுசா உன்ற பேச்சக் கேக்கட்டும்" என்றார். எட்டரைக்குச் செல்போன் கடைக்காரர் கைப்பையோடு வந்தார். மாமா அவருக்கும் ஒரு லட்டு கொடுத்தார். அவர் லட்டைத் தின்றுவிட்டு, பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதல் வேலை நாள். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் கடை வாசலில் செருப்புகளே இருபது ஜோடி இருக்கும். நான் பள்ளி விட்டு நேராக வந்தேன். அம்மா ஒரு கையால் தாள் வைத்து, மறு கையால் காசு வாங்கி, நடுவில் ஒரு பாட்டியின் விண்ணப்பத்தில் எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர், "ஓனர் எங்கம்மா, பில் வேணும்" என்றார்.

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். அங்கே சுவர்தான் இருந்தது.

"நாந்தானுங்க" என்றாள். இவ்வளவு கூட்டத்திலும் அது எல்லாருக்கும் கேட்டது. பில்லில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

ஏழு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. அப்பா வடை வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் கவுண்ட்டருக்கு உள்ளே, வேலை செய்பவர்கள் நிற்கும் பக்கத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். இதை அங்கேயே எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா முதலில் மெஷின்களை நிறுத்தினாள், அடுத்து மின்விசிறியை. பிறகு ஸ்விட்சில் கை வைத்தபடி, "எழுதி முடிச்சுட்டயா?" என்று கேட்டாள். முடித்துவிட்டேன் என்றேன். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அம்மா தன் கடையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.